ரிவர்ஸ் ஹாரனுக்குப் போன பாட்டு

1. கை தட்டாத கூட்டம்

அந்தப் பாட்டை முதன்முதலாக மேடையில் வாசித்தபோது ஒருத்தர்கூடக் கை தட்டவில்லை. ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழா. நான் லீட் கிட்டார். பெரம்பலூர்க்காரன். எங்கள் ராக் பார்ட்டியை ஆரம்பித்தவனும் நான்தான். ராக் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ட்ரம்ஸ், பேஸ், கீபோர்டு, என் கிட்டார், பாடுவதற்கு ஆரோக்கியம். கல்யாணத்திலும் திருவிழாவிலும் சினிமாப் பாட்டையே கொஞ்சம் முரட்டுத்தனமாக வாசித்து வயிற்றைக் கழுவினோம், அவ்வளவுதான்.

ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா அதற்கு முந்தின வருஷம் செத்துப்போனாள். பள்ளிக்கூட டீச்சர். அரியலூர் ரோட்டில் சாயங்கால பஸ்ஸுக்காக நின்றிருக்கிறாள். ஓரங்கட்டியிருந்த சுண்ணாம்புக்கல் டிப்பர் ரிவர்ஸ் எடுத்தது. பின்னால் நின்று பார்த்துச் சொல்லக் க்ளீனர் இல்லை. ரிவர்ஸ் ஹாரனும் இல்லை. ரோடு முழுக்க லாரி இரைச்சல். அதில் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வண்டிதான் நகர்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பல மாசம் வாய் திறக்காமல் இருந்த ஆரோக்கியம் ஒருநாள் ரிகர்சலுக்குப் பாட்டோடு வந்தான். "நில்லுன்னு சொல்ல ஒரு ஆள் இல்லையே" என்பதுதான் பல்லவி. இ மைனரில் கிட்டாருக்கு நான் ஒரு பிட், அதாவது ஒரு துண்டு இசை, போட்டேன். சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் பெடலைப் போட்டு, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற சின்ன பிட். திருவிழாவில் இதை யாரப்பா கேட்பான் என்று நான்தான் முரண்டு பிடித்தேன். ஒரே ஒரு தடவை பாடிவிட்டு விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினான்.

பாடினான். கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் அவன் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். மிச்ச நிகழ்ச்சியைக் கீபோர்டுக்காரர் பாடி ஒப்பேற்றினார்.

2. ஆட்டப் பாட்டு

யாரோ செல்போனில் பிடித்து அனுப்ப, பாட்டு ஊர் ஊராகப் போனது. ரஞ்சன்குடியில் மேடை போட்டாலும் சரி, ஜெயங்கொண்டத்தில் போட்டாலும் சரி, பாட்டுக் கேட்டு முதல் துண்டுச் சீட்டு அதற்குத்தான் வரும். ஹிட் என்றால் என்னவென்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தம்பிகளே, கிட்டார் தூக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹிட்டான பாட்டு வருஷா வருஷம் வேகமாகும். கூட்டம் முந்திக்கொண்டு தட்டும், ட்ரம்மர் அதன் பின்னால் ஓடுவான், அவனை இழுத்துப் பிடிக்க யாராலும் முடியாது. இந்தப் பாட்டும் அப்படித்தான் ஓட ஆரம்பித்தது. அழுதுகொண்டே கேட்ட பாட்டுக்கு ஜனங்கள் ஆட ஆரம்பித்தார்கள்.

பெரம்பலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு குதிக்கிறார்கள். மேடையில் ஆரோக்கியம் தன் பெண்டாட்டி செத்ததைப் பாடிக்கொண்டிருக்கிறான். முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா மேடையோரம் வந்து நல்ல மனசோடுதான் கேட்டார்.

"தம்பி, அந்த ஆட்டப் பாட்ட இன்னொரு வாட்டி போடுங்க."

மாட்டோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஆரோக்கியம் ட்ரம்மரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டான். இரண்டாவது தடவையும் பாடினான். வேனில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். இனிமேல் இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றேன். எடுத்தாலும் ஊர் பாடும் என்றான். அதுவும் உண்மைதான்.

3. வயர்

ரெட்டிபாளையம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. காலையில் வேனை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வெறும் டிப்பர் ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. அதன் வாலிலிருந்து என் பிட் வந்தது. கீச்சுக் குரலில், சுருதி விலகி, ஆனால் அச்சு அசல் என் பிட். எவனோ எங்கேயோ அதை ரிவர்ஸ் ஹாரனில் ஏற்றி விற்றிருக்கிறான்.

ஆரோக்கியம் டீ கிளாஸை வைத்துவிட்டு டிப்பர்கிட்டே போனான். அவன் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. டிரைவர் என் வயசுக்காரர். மிரண்டுபோய் இறங்கினார். கடையில் மாட்டிவிட்டது, இந்தப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இதுதான், பாட்டு யாருடையது என்று சத்தியமாகத் தெரியாது என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. நேராக வண்டியின் பின்னால் போனார், குனிந்தார், ஹாரன் வயரைப் பிடுங்கித் தொங்கவிட்டார். ஆரோக்கியத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

வண்டியைத் திருப்ப இன்னும் கொஞ்சம் பின்னால் வர வேண்டியிருந்தது. வந்தது. இந்தத் தடவை சத்தம் இல்லை. கையில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண் டிப்பருக்கு நேர் பின்னால், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்தேன். என் கால் நகரவில்லை. ஆரோக்கியம் ஓடினான். இரும்பு பாடியை இரண்டு கையாலும் அறைந்தான்.

"நில்லு! நில்லு!"

வண்டி நின்றது. அந்தப் பெண் திரும்பி, எவன்டா இவன் என்பது போல முறைத்துவிட்டுத் தள்ளி நின்று பேச்சைத் தொடர்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

"அண்ணே, வயர மாட்டிடுங்க," என்றான் ஆரோக்கியம்.

"உங்க வூட்டுக்காரம்மா பாட்டுங்க. மனசு கேக்கல. வேற சத்தம் மாத்திக்கிறேங்க."

"மாத்துறதுக்குள்ள இன்னொருத்தி நிப்பா. அதுவே கத்தட்டும்."

டிரைவர் இரண்டு தடவை சுற்றியும் வயர் நிற்கவில்லை. ஆரோக்கியமே உட்கார்ந்து முறுக்கி, டேப் ஒட்டினான். வண்டியை ரிவர்ஸில் போடச் சொன்னான். பாட்டு வந்தது. முழுசாகக் கேட்டுவிட்டு எழுந்தான்.

4. இப்போது

அதற்கப்புறம் அவன் மேடையில் அதைப் பாடவில்லை. ஜனங்களும் வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள். பார்ட்டியைக் கலைத்துவிட்டோம். என் இடது கை விரல்கள் மடங்குவதில்லை, கிட்டார் பரண் மேல் கிடக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அந்த பிட்டை வாயால் வாசித்துக் காட்டினால் "லாரி சத்தம்" என்கிறார்கள். பாட்டு என்று சொன்னால் நம்புவதில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. போட்ட பிட்டுக்குப் பேராவது மிஞ்ச வேண்டாமா?

இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றது இதுதான். பாட்டு போட்டவன் அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்ல முடியாது. ஆட்டத்துக்கும் போகும், லாரி வாலுக்கும் போகும். போன இடத்தில் யாருக்காவது உபயோகப்படுகிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

போன மாசம் அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்தேன். ஒரு டிப்பர் ரிவர்ஸ் வந்தது, அதே கீச்சுக் குரலில். யூனிபார்ம் போட்ட இரண்டு பெண்கள் அதன் பின்னால். ஒருத்தி பேச்சை நிறுத்தாமலே மற்றவளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏலாக்குறிச்சியில் இருக்கிற ஆரோக்கியத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"வெலகிட்டாளுவளாண்ணே?"

"வெலகிட்டாளுவடா."

போனை வைத்துவிட்டான்.