பென்டிரைவும் என் விரலும்

என் வீட்டுக்காரர் பாறசாலையில் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தவர். டிவியைத் தூக்கிக்கொண்டு யாரும் வராத காலம் வந்தபோது, போனில் மலையாள வீடியோ பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் வேலையைப் பழகிக்கொண்டார். அக்கம்பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் எது படுத்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நான் படித்தது ஐந்தாம் கிளாஸ். தமிழ் வாசிப்பேன். பஸ் போர்டு அளவுக்கு மலையாளம். இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் தெரியும்.

எழும்பாத மெஷினை எழுப்ப, பென்டிரைவில் ஒரு சிஸ்டத்தை ஏற்றி, அதைக் குத்தி, அதிலிருந்து தொடங்கவைக்க வேண்டும். ஒரு சிஸ்டத்துக்கு ஒரு பென்டிரைவ். அவரிடம் நாலு இருந்தன, நாலும் ஒரே கறுப்பு. எது எதென்று தெரியாமல் அவர் தலையைச் சொறிவதைப் பார்த்து, தையல் நூல் எடுத்து நாலுக்கும் நாலு நிறம் கட்டிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் வேலையில் என் பங்கு அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் அவருக்கு லேசாக ஒரு பக்கம் இழுத்தது. நடையும் பேச்சும் திரும்பிவிட்டன. வலக்கை நடுக்கம் மட்டும் போகவில்லை. இடக்கைக்கு வேகம் கிடையாது. மெஷினைத் தொடங்கும்போது சுவிட்சைப் போட்ட உடனே F12 என்ற பொத்தானை விடாமல் தட்ட வேண்டும். பால் பொங்கி வரும்போது அடுப்பை அணைக்கிற நேரம் உண்டல்லவா, அவ்வளவுதான் அவகாசம். அவர் விரல் பக்கத்துப் பொத்தானில் போய் விழும். அதனால் வீட்டில் நான் தட்டத் தொடங்கினேன்.

“வெளிய ஒருத்தருட்டயும் சொல்லிராத கேட்டியா,” என்றார். “கை விறைச்சு நடுங்குறவனுக்க கையில யாரு மெஷின தருவா?”

நான் எதற்குச் சொல்லப் போகிறேன்? நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம்.

அப்போதுதான் பக்கத்தில் காரோடு ஊர் வாசகசாலைக்கு ஒரு ஆபீஸில் கழித்துவிட்ட நாலு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒன்றும் எழும்பவில்லை. பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடைக்குப் போடலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்களாம். இவர் போய், சனிக்கிழமை காலையில் வந்து எழுப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் முழுக்க ஒரே வேலை. நாலு பென்டிரைவுக்குப் பதிலாக ஒரே பெரிய பென்டிரைவ்.

“ஏட்டி, இனி நூலு கெட்டாண்டாம். நாலு சிஸ்டமும் இதுக்குள்ள. குத்தினா லிஸ்ட் வரும், வேண்டியத எடுத்தா போதும்.”

பெரிய பென்டிரைவ் என்று வீட்டில் இருந்தது என் பாட்டுகள் கிடந்த ஒன்றுதான். முதலில் அதைச் சுத்தமாகத் துடைக்க வேண்டுமாம்.

“அப்பம் எனக்க பாட்டு?”

“மாத்தி வச்சாச்சு. சிஸ்டம் ஏத்தினப் பெறவு மிச்ச எடத்துல பாட்டையும் திரும்ப இடலாம். சண்டைக்கு வராத.”

எனக்கு வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று, சொல்லாமல் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். உள்ளே போட்ட நாலுக்கும் தமிழில் பெயர் மாற்றியிருந்தார்: லேசானது, பெரியது, அப்படி. நான் F12 தட்ட, லிஸ்ட் வந்தது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக நின்றது.

“இது என்ன, ஜன்னல் வச்ச வீடு மாதிரி இருக்கு?” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “இந்தச் சாதனத்துக்குத் தமிழ் அறியாது போலருக்கு.” பிறகு பெயருக்கு முன்னால் 1, 2, 3, 4 என்று நம்பர் போட்டார். நம்பர் எனக்குத் தெரியுமே.

சனிக்கிழமை காலேஜ் பிள்ளைகள் நெருக்கிய பஸ்ஸில் போனோம். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. “நீ அங்க சும்மா இரி. நான் எப்பிடியும் அமுக்கிருவேன்,” என்று வழியெல்லாம் சொன்னார்.

வாசகசாலையில் செயலாளரும் கமிட்டிக்காரர் நாலைந்து பேரும் இருந்தார்கள். நான் பேப்பர் வைக்கும் பெஞ்சின் ஓரத்தில் ஒதுங்கினேன். அவர் பென்டிரைவைக் குத்தி, சுவிட்சைப் போட்டுத் தட்டினார். தவறிவிட்டது. திரும்பவும் போட்டார். திரும்பவும் தவறியது.

“அண்ணா, ஆக்கர்காரன் பதினொண்ணு மணிக்கு வருவான் கேட்டா,” என்றார் செயலாளர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“பென்டிரைவ் கேடாக்கும்,” என்றார் ஒருவர்.

என் வீட்டுக்காரர் வலக்கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனதை நான் பார்த்தேன். எழுந்து பக்கத்தில் போனேன்.

“நான் ஒண்ணு அமுக்கிப் பாக்கட்டா? வீட்டுல இவிய தொட விடமாட்டாவ.”

எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். “அக்காவுக்க ஆசைய பாரு!” “விடுங்கண்ணா, பாவம், ஒருக்கா வெளையாடிக் களிக்கட்டும்.”

சிரிப்பு என் பக்கம் திரும்பிவிட்டது. அது போதும் எனக்கு. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார். நான் தட்டினேன். லிஸ்ட் வந்தது. “மூணு,” என்றார் மெல்ல. இரண்டு தடவை கீழ் அம்பு, பிறகு என்டர். கொஞ்ச நேரத்தில் நீல நிறத்தில் படம் விரிந்தது. இரண்டாவது மெஷினும் அப்படியே எழும்பியது.

“அக்காவுக்கு நல்ல கைராசி,” என்ற செயலாளர், மூன்றாவதுக்கு வந்ததும், “செரி, களிச்சது போதும். இனி அண்ணன் செய்யட்டும், சட்டுனு முடியும்,” என்றார்.

எனக்கு அடுத்த பொய் வரவில்லை. மூன்றாவது மெஷின் முன்னாலிருந்து நகராமல் நின்றேன்.

அவர் வலக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது எல்லாருக்கும் தெரிய நடுங்கியது.

“எனக்குக் கை நிக்காது மக்கா. போன மழைக்குப் பெறவு இப்பிடியாக்கும். வீட்டுலயும் இவதான் அமுக்குவா. களி ஒண்ணும் இல்ல.”

செயலாளர் தன் நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார். “இரிங்கக்கா,” என்றார். அத்தனை ஆண்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அந்த மெஷினுக்கு வேறு பொத்தான்; வீட்டுக்காரர் காட்ட, நான் தட்டினேன், எழும்பியது. நாலாவது என்ன செய்தும் எழும்பவில்லை. அதை மட்டும் ஆக்கர்காரன் கொண்டுபோனான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பென்டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் பையில் போட்டார். இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் செயலாளர் குரல்.

“அண்ணா, எனக்க மச்சானுக்க லேப்டாப் ஒண்ணு படுத்துக் கெடக்கு. நாளைக்கு அக்கா சும்மாதானா?”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “வாறியா?”

“நல்ல சேலைய இப்பம்தான் நனைச்சுப் போட்டேன்,” என்றேன். “நாளை கழிச்சு வாறேம்ணு சொல்லுங்க.”