இரண்டு பேர், பாதி டேங்க்

படகு விற்பவர் கொடுத்த தாள் மூன்றே வாரத்தில் மடிப்பில் கிழிந்துவிட்டது. டேப் ஒட்டி வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் படம்: நீளமான இரண்டு அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் தட்டையான தளம், சுற்றிலும் கம்பி, பின்னால் மோட்டார். பான்டூன் படகு என்கிறார்கள். மறுபக்கம் ஓர் அட்டவணை. மோட்டார் எத்தனை சுற்று சுற்றினால் படகு என்ன வேகத்தில் போகும், மணிக்கு எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று மெதுவான வேகத்தில் தொடங்கி வரிசையாகப் போட்டிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வரிதான் என் நிம்மதியைக் கெடுத்தது. 'இரண்டு பேர், பாதி டேங்க் பெட்ரோல், அலையில்லாத தண்ணீரில் சோதித்தது.'

எங்கள் குடும்பத்தில் எப்போது இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போயிருக்கிறோம்? ஒருவருக்கு ரத்தப் பரிசோதனை என்றால் ஏழு பேர் கிளம்புகிற வீடு இது.

படகு என் அக்காவுக்கு. ஆறு வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அவள் கணவர், எங்கள் மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இங்கே 'சொல்தா' என்பார்கள். அவர் போன பிறகு பென்ஷன் அவளுக்கு வருகிறது. நகை, வீடு எதிலும் ஆசை இல்லை. தண்ணீரில் போக வேண்டும், அவ்வளவுதான். வைத்திக்குப்பத்தில் எங்களுக்கு மீன் கொடுக்கிறவர், தன் ஃபைபர் படகில் தூக்கி உட்கார வைக்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். "மூட்டையா நானு, நாலு பேர் சேந்து தூக்க?" என்று மறுத்துவிட்டாள். இந்தப் படகின் தளம் தட்டையாக இருப்பதால், கரையிலிருந்து ஒரு பலகை போட்டால் நாற்காலியோடு உருண்டே ஏறிவிடலாம்.

அவள் அந்த நாற்காலிக்கு வந்தது என்னால். உப்பளம் சாலையில் ஸ்கூட்டரை ஓட்டியவள் நான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் "மெதுவாப் போடி" என்றாள். "லேட்டாயிடுச்சுக்கா" என்றேன். லாரி சிந்திவிட்டுப் போன மணலில் சக்கரம் வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவளுக்கு முதுகெலும்பு. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அன்றிலிருந்து நான் எதையும் ஓட்டுவதில்லை. வீடு இருக்கும் கருவடிக்குப்பத்திலிருந்து எங்கே போனாலும் பஸ், இல்லாவிட்டால் ஆட்டோ.

ஆகவே படகு விற்பவரைப் பிடித்துக்கொண்டேன். பாவம், பொறுமையான பிள்ளை.

"பன்னெண்டு பேர் ஏறினா இதே வேகம் வருமா?"

"கொறையும் மேடம்."

"எவ்ளோ கொறையும்?"

"அது காத்து, தண்ணி இழுக்கறதப் பொறுத்து மேடம்."

"தண்ணி கடலுக்கு இழுக்கறப்போ, ஆத்துல எதிர்த்து வர முடியுமா? நடுவுல மோட்டார் நின்னா?"

ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிட்டேன். குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கேள்வி தோன்றும், ஈரத்தலையோடு வந்து போனை எடுப்பேன். சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்பது நினைவில் இருக்காது, முழுச் சுமையில் மோட்டார் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது இருக்கும். மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் துணி எப்படி ஆடுகிறது என்று பார்த்து, இன்றைக்குக் காற்று அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கடைசியில் அந்தப் பிள்ளையே, "சோதனை ஓட்டத்துக்கு நீங்களே சொமையை ஏத்திப் பாத்துக்குங்க மேடம்" என்றார்.

குடும்பத்தையே ஏற்றிச் சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தண்ணீர் கேன் போடுகிறவரிடம் சொல்லி, ஒரு குட்டி யானை வண்டி நிறையக் கேன்களை அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்கு இறக்க வைத்தேன். ஒரு கேன் இருபது கிலோ. ஆளுக்கு மூன்று கேன் என்று வைத்து, மார்க்கரால் பேர் எழுதி ஒட்டினேன். பெரிய மாமா உடம்புக்கு ஐந்து. சின்ன அத்தைக்கும் ஐந்து வேண்டும், மரியாதைக்கு நான்கு போட்டேன். அக்காவுக்கும் நாற்காலிக்கும் சேர்த்து நான்கு. அவற்றை அவள் இருக்கப்போகும் இடத்தில் நிறுத்திக் கயிற்றால் கட்டினேன்.

முதல் நாள் கேன்களோடு போய் வந்தோம். வேகம் குறைந்தது, ஆனால் மோசமில்லை. தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். திரும்பும்போது அந்தப் பிள்ளை, "கொஞ்சம் பிடிங்க மேடம், பயமே இல்ல" என்று ஸ்டீயரிங்கைக் கொடுத்தார். சுடு பாத்திரத்தைத் தொட்ட மாதிரி கையை எடுத்துவிட்டேன். இரண்டாம் நாள் காற்று வீசும் நேரமாகப் பார்த்துப் போனோம். மூன்றாம் நாள், தண்ணீர் கடல் பக்கம் வடிகிற வேளையில், முகத்துவாரத்துக்கு முன்பே திருப்பி, எதிர்த்து வந்தோம். மோட்டார் முனகியது, படகு வந்து சேர்ந்தது. எனக்குத்தான் போதவில்லை. கேன்களையெல்லாம் இடது பக்கம் நகர்த்தி வைத்து இன்னொரு தடவை போக வேண்டும் என்றேன். எங்கள் ஆட்கள் போட்டோ எடுக்க ஒரே பக்கம் ஓடுவார்களே.

மூன்று நாளும் அக்கா கரையில் இருந்தாள். ஃபிளாஸ்க்கில் காபி, தலைக்குத் தொப்பி, மாமாவின் பழைய தொப்பி. முதல் நாள் கை ஆட்டினாள். இரண்டாம் நாள் படகில் ஏறத் தயாராக நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், நான் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் கை ஆட்டவில்லை.

நான் கேன்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு பலகை வரைக்கும் வந்தாள். மூச்சு வாங்கியது.

"அங்க கட்டி வெச்சிருக்கியே, அது யாருடி?"

"நீதான்க்கா."

"மூணு நாளா அது போயிட்டு வருது. நான் கரையில உக்காந்து பாத்துக்கினு இருக்கேன்."

கையில் பெரிய மாமா இருந்தார், ஐந்தில் ஒரு பங்கு.

"எல்லாம் உனக்காகத்தான்க்கா. இன்னும் ஒரே ஒரு தடவ..."

"எனக்காக இல்ல, உனக்காக. உன் பயத்துக்கு என்னை எத்தினி நாள் கரையில வெச்சிருப்பே?"

கோபம்தான் முதலில் வந்தது. மூன்று வாரமாக ஓடாய் உழைத்ததற்கு இதுவா? அப்புறம் அந்த நான்கு கேன்களைப் பார்த்தேன். 'அக்கா' என்று என் கையெழுத்து. வெட்கமாக இருந்தது. படகு தாங்குமா என்று நான் சோதிக்கவே இல்லை. அவளை மறுபடி ஏற்றிக்கொண்டு போக என்னால் முடியுமா என்பதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கேன்களையெல்லாம் இறக்கினோம். அவள் பலகை மேல் உருண்டு ஏறினாள், யாரும் தூக்கவில்லை. கேன் இருந்த இடத்தில் நாற்காலியைப் பூட்டினோம், லைஃப் ஜாக்கெட்டின் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஸ்டீயரிங் பக்கம் போனார்.

"நீங்க பின்னால உக்காருங்க தம்பி. அவ ஓட்டுவா" என்றாள் அக்கா.

"அக்கா, வேணாங்க்கா."

"உக்காரு."

உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை என் பின்னால், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டார். தாளில் இரண்டு பேர், நாங்கள் மூன்று பேர். அதைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பாதி டேங்க் இருந்தது. வேகத்தைக் கூட்டும் கைப்பிடியை ஒரு விரல் அளவு முன்னால் தள்ளினேன். கரையிலிருந்து படகு பிரிந்தது. கண் மீட்டரை விட்டு நகரவில்லை.

பாலம் தாண்டியும் அதே வேகம். நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார், கரையோரம் நடந்துபோன ஆள் எங்களை முந்திக்கொண்டு போனார். அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் தாள்ல இது எத்தினியாவது வரிசைடி?"

"மொத வரிசைக்கும் மேலக்கா. இது அதுல இல்ல."

அவள் சிரித்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் 'புறப்படு' என்பதற்கு மாமா சொல்லிவந்த பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னாள்.

"அலே. கொஞ்சம் வேகமாப் போடி."

கைப்பிடியைத் தள்ளினேன். எத்தனை சுற்று, என்ன வேகம் என்று நான் பார்க்கவில்லை.