ஐந்தாவது நகல்

சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். எதிரே வந்து நிற்பவர் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். பத்திரத்தை நீட்டினால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். பிறகு அப்பாவின் தகரப் பெட்டியில் கரையான் ஏறியது.

அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. வாலிபத்தில் வளைகுடாவில் ஒரு சின்ன ஷேக் ராஜ்ஜியத்தின் விமான நிலையத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். ராஜ்ஜியம் ஷேக்குடையது, கொடியும் அவருடையது, மணலும் அவருடையது. ஆனால் அந்த மணலில் ஒரு விமானம் இறங்க வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ஏஜென்சியிலிருந்து, அதாவது அங்கே இருந்த வெள்ளைக்கார அதிகாரியின் அலுவலகத்திலிருந்து, அனுமதிக் கடிதம் வர வேண்டும். பாதுகாப்பு ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டால் அப்பா சிரிப்பார். ஷேக்கின் சொந்த மச்சான் வந்த விமானமே கடிதம் வராததால் கடலுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். "நான் அடிச்ச காகிதத்துல தொரை கையெழுத்து விழுந்தப்பறம்தான் அது எறங்குச்சு" என்று முடிப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கு அந்தப் பெருமை என்றைக்குமே பிடித்ததில்லை.

ஒவ்வொரு விமானத்துக்கும் பயணிகள் பட்டியலை அவர் நான்கு நகல் அடிக்க வேண்டும். மேல் தாள் ஏஜென்சிக்கு. கார்பனில் விழும் அடுத்த இரண்டும் சுங்கத்துக்கும் விமானக் கம்பெனிக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் மங்கலாக விழுகிற கடைசித் தாள் ஷேக்கின் அரண்மனைக்கு. இதையும் அப்பா சொல்லித்தான் தெரியும்.

ஐந்தாவதாக ஒரு நகல் எடுத்ததை மட்டும் அவர் சொன்னதே இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியபோது அவை ஒரு கட்டாக விழுந்தன. அலுவலகத் தாள் ஒரு குமாஸ்தாவின் வீட்டில் கிடந்தால் நல்ல காரணம் இருக்காது என்பது என் சர்வீஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி இருந்தது. எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். சின்னமனூர், கெங்குவார்பட்டி, போடி. ஒரு தாளில் மாமாவின் பெயருக்கும் குறி இருந்தது.

மாமா என்பது உறவு இல்லை, அப்பாவின் கூட்டாளி. அதே ராஜ்ஜியத்தில் எண்ணெய்க் கம்பெனி முகாமில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு தடவை விடுமுறை முடிந்து திரும்பியபோது, விமான நிலையத்திலேயே தனியாக நிறுத்தி, வந்த விமானத்திலேயே பம்பாய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் ஊரில் இருந்த நேரத்தில் முகாமில் வேலைநிறுத்தம் நடந்திருந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் ஏஜென்சிக்கு இல்லை. அதன் பிறகு சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்காலோடு அவர் காலம் போயிற்று.

தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. விமான நிலைய வயர்லெஸ்ஸில் வேலை பார்த்த மார்க்கையன்கோட்டைக்காரர்தான். அன்றைக்கு டியூட்டியில் இருந்த அவர், மாமாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாராம். சாட்சி அவ்வளவுதான். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக மாமா அவரோடு பேசவில்லை. கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்தால் இவர் எழுந்துவிடுவார். ஊரும் அந்த மனிதரை அப்படியே பார்த்துப் பழகிவிட்டது. போன மாசியில் அவர் இறந்துபோனார். மாமா எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவும் போகவில்லை.

குறியை ஈர விரலால் தேய்த்துப் பார்த்தேன். பென்சில் இல்லை, கார்பன் நீலம். பென்சிலாக இருந்தால் அப்பா பிறகு வீட்டில் உட்கார்ந்து போட்டது என்று விட்டிருப்பேன். கார்பன் என்றால் தாள்களைப் பிரிப்பதற்கு முன்பே மேல் தாளில் அழுத்திப் போட்டிருக்கிறார். அந்த மேல் தாள் ஏஜென்சிக்குப் போயிருக்கிறது.

இரண்டு நாள் ஒன்றும் கேட்காமல் அப்பாவையே கவனித்தேன். மாலையில் மாமா காபிக்கு வந்தால் நல்ல நாற்காலியை அவர் பக்கம் தள்ளுவார். மாமா சர்க்கரை கூடுதலாகக் கேட்டால் டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு என்னைப் போடச் சொல்வார். இத்தனை வருஷம் அதை அன்பு என்று நினைத்திருந்தேன். இப்போது லஞ்சமாகத் தெரிந்தது. பெற்ற தகப்பனை இப்படிப் பார்க்கிறோமே என்று கஷ்டமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"நான்தான் போட்டேன், ஆத்தா. ஒரு நாளு தொரை லிஸ்டப் பாத்துட்டு, இதுல ஒனக்குத் தெரிஞ்சவுக யாருன்னு கேட்டாக. இவுக எல்லாம் நம்ம பக்கத்து ஆளுக, நல்ல பயலுகன்னு சொன்னேன். அப்ப ஒரு குறி போட்டு வையி, தாமசமில்லாம அனுப்பிருவோம்னாக. நம்ம தாலுகா ஆபீசுல தெரிஞ்ச ஆளுன்னு சொல்லிவிட்டா வேல சட்டுனு முடியும்ல? அப்பிடித்தான் நெனச்சேன். சிபாரிசுன்னு நெனச்சேன்."

கொஞ்ச காலம் அப்படித்தான் நடந்திருக்கிறது. குறி விழுந்தவர்கள் வரிசையில் நிற்காமல் வெளியே போனார்கள். அப்பாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எத்தனை பேருக்கு உதவினோம் என்று ஊரில் காட்டுவதற்காகத் தனக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார். வேலைநிறுத்தம் வந்ததும் ஏஜென்சி அதே பட்டியல்களை எடுத்திருக்கிறது. குறி விழுந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்து ஆட்கள், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். ஒரு கும்பல் என்று முடிவு கட்டி எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"மாமாகிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"மொதல்ல பயம். அப்பறம் அவனா இன்னொருத்தன்மேல பழியப் போட்டுட்டான். நான் வாயத் தெறக்கல."

தெரியாமல் செய்ததற்கு எனக்குக் கோபம் வரவில்லை. தெரிந்தே சும்மா இருந்ததற்கு வந்தது. "அந்த மனுசன் சாகுற வரைக்குமா?" என்றேன். "இன்னைக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவரேதான் சொன்னார். மாமா வந்து உட்கார்ந்ததும், காபி வருவதற்கு முன்பே, தாளைக் கையில் கொடுத்து நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். போன வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப அவன் எதுக்கு மாப்ள தலையக் குனிஞ்சான்?"

"ஒங்க எட்டுப் பேரையும் திருப்பி அனுப்பச் சொல்லி வந்த சேதிய அவன்தான் வயர்லெஸ்ல எழுதி எடுத்தான்" என்றார் அப்பா. "அழுதுக்கிட்டு இருந்தான்."

மாமா தாளை மடித்து அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு எழுந்து என்னைப் பார்த்து, "கார எடு, ஆத்தா. மார்க்கையன்கோட்டைக்குப் போகணும். அவன் சம்சாரம் அங்கனதான இருக்காக?" என்றார்.

இருக்கிறார்கள் என்றேன். அப்பா கொடியில் கிடந்த சட்டையை எடுத்து அவசரமாக மாட்டினார். பொத்தான் மாறிப்போனது. மாமா அவர் முடிக்கும் வரை நின்று பார்த்தார்.

"நீ இங்கன இரு, மாப்ள" என்றார். "நான் செஞ்சதுக்கு நான் போறேன். நீ செஞ்சதுக்கு நீ தனியாப் போ."