பதினொன்று சொச்சம்

வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலை. தோலின் பரப்பளவை அளந்து சீட்டு அடிக்கும் இயந்திரத்துக்கு நான் செய்து கொடுத்திருந்த மின்னணுப் போர்டு அன்று காலையில் செத்துவிட்டது. மூன்று மணிக்குச் சரக்கு வாங்குகிறவரின் ஆள் வருகிறார். அதற்குள் சீட்டு வராவிட்டால் போர்டைக் கழற்றிக் குப்பையில் போடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். நான் தனியாகச் செய்த முதல் போர்டு அது.

வேலூரில் பஸ் ஏறும்போதே மேனேஜர் பாய்க்குப் போன் செய்தேன். "கிரிஸ்டல் போயிருக்கும் பாய். டிவி ரிப்பேர் கடையில ஒண்ணு வாங்கி வைங்க. பதினொண்ணு சொச்சம் மெகாஹெர்ட்ஸ்." போர்டுக்கு நாடித்துடிப்பு தருகிற சின்னத் துண்டு அது; மெகாஹெர்ட்ஸ் அதன் துடிப்பு வேகம்.

தோல் வியாபாரத்தில் சொச்சத்துக்கு ஆயுள் கிடையாது. அளவில் கால் அடி, அரை அடி மிஞ்சினால் பாய் அதை மேலே ஏற்றி முழு அடியாக்கிவிடுவார். கிரிஸ்டலையும் அப்படியே பன்னிரண்டாக வாங்கி வைத்திருந்தார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் அதன்மேல் இருந்த எண்ணைப் படிக்காமலேயே பற்றவைத்துக் கெடுத்தேன்.

போர்டு உயிர்பெற்றது. சீட்டும் வந்தது. அதில் ஆச்சரியக்குறிகள், டாலர் குறிகள், பாதிக் கட்டங்கள்.

பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இன்னா பாஷை தம்பி இது? உருதுவும் இல்ல, தமிழும் இல்ல."

போர்டும் பிரிண்டரும் ஒரே ஒயரில் பேசுகின்றன. நொடிக்கு 9600 துடிப்பு என்பது இருவருக்கும் ஒப்பந்தம். போர்டு தன் கிரிஸ்டலின் துடிப்பை வகுத்துத்தான் அந்த வேகத்தைப் பெறுகிறது. பதினொன்று சொச்சத்தை வகுத்தால் அது மீதியில்லாமல் வரும்; பன்னிரண்டை வகுத்தால் கிட்டக்கூட வராது. ஆனால் 2400 கிட்டத்தட்ட வந்துவிடும். இரண்டு பக்கமும் 2400 என்று மாற்றினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல, சீட்டு நிதானமாக, சரியாக வந்தது. மணி இரண்டே முக்கால்.

முதலாளி வந்தார். "காலைலேர்ந்து இன்னா பேஜாரு இது? யார் பண்ண தப்பு?"

"என் தப்பு சாப்" என்றார் பாய். "தம்பி கரெக்டாத்தான் சொல்லிச்சு. நான்தான் ரவுண்டு பண்ணி வாங்கிட்டேன்."

என் வாயில் அப்போது சமோசா இருந்தது. அதை விழுங்கிய பிறகும், சொச்சம் என்று சொன்னது நான்தான் என்று சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது பாய் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். "நல்ல சரக்குன்னு பத்து கிரிஸ்டல் வாங்கிட்டேன். மீதி ஒம்போது நீயே வச்சுக்க."

ஒன்பதும் என் மேசையில்தான் இருக்கின்றன. யாராவது போனில் கேட்டால், அவற்றைப் பார்த்துக்கொண்டே பதினொன்று புள்ளி பூஜ்யம் ஐந்து ஒன்பது இரண்டு என்று முழுதாகச் சொல்கிறேன். பாயிடம் மட்டும், அந்தத் தப்பு யாருடையது என்று இன்னும் சொல்லவில்லை.