வாட்டர் பம்ப்பின் அடித்துளை

2023 மே 17, புதன்கிழமை, காலை 9.20. காற்று அசையவில்லை, பேட்டை ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை அப்போதே கொதித்தது. எனக்குப் பணி ஓய்வுக்கு நான்கு மாதம் பாக்கி.

சுடலைமுத்து என்பவர் தன் இருநூறு சிசி பைக்கைக் கொண்டுவந்தார். கூடங்குளத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வெல்டர். மறுநாள் காலை ஏழு மணிக்கு கேட்டில் நிற்காவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். வண்டியில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் வாராவாரம் குறைகிறது. நிறுத்திய இடத்தில் மட்டும் ஈரமே இல்லை.

"கொறஞ்சா என்னத்த ஊத்துதிய?" என்றேன்.

"தாமிரபரணித் தண்ணி அண்ணாச்சி. அதைக் குத்தஞ் சொல்லாதிய."

"குடிக்கதுக்கு நல்லதுதான். ரேடியேட்டருக்குத் துரு."

இன்ஜின் ஆறியபின் மூடியைத் திறந்தேன். ரேடியேட்டர், ஹோஸ், கிளாம்ப் மூன்றிலும் கசிவில்லை. ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கூலன்ட்டில் குமிழி வரவில்லை, ஆகவே ஹெட் கேஸ்கட் நலம். ஆயிலும் பால் நிறமாகவில்லை, அதில் தண்ணீர் கலக்கவில்லை. கடைசியாக வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் டார்ச் அடித்தேன். சுற்றிலும் பச்சையாக உப்புப் படிந்திருந்தது. பிரஷர் டெஸ்டரை மாட்டிக் காற்றடித்ததில், பதினோராவது நிமிடம் அங்கே ஒரு சொட்டு திரண்டது. ஓடும்போது கசிவது இன்ஜின் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது, தரைக்கு வருவதில்லை.

பம்ப் ஷாஃப்டில் இரண்டு சீல் உண்டு. ஒன்று தண்ணீரைத் தடுக்கும், மற்றது ஆயிலைத் தடுக்கும். தண்ணீர் சீல் போனால், கசிவு ஆயிலுக்குள் போகாமல் வெளியே வருவதற்காகவே நடுவில் அந்தத் துளை. இளைய மெக்கானிக்குகள் இதை மறக்கக் கூடாது.

புது சீல் மதுரையிலிருந்து வர நான்கு நாள். ஆனால் காலையில் வந்த வண்டி மாலைக்குள் வெளியேற வேண்டும் என்பது எங்கள் மேனேஜரின் சட்டம். வண்டி தங்கினால் பைக் கம்பெனியில் அவருக்கு மார்க் குறையும்.

"எபாக்சிப் பசைய வச்சு அந்த ஓட்டைய அடைச்சு விடும்வே," என்றார்.

"அடச்சா தண்ணி ஆயிலுக்குள்ள போவும் சார். இன்ஜின் போயிரும்."

"நீரு ரிட்டயர் ஆவதுக்குள்ள போவாது. சோலியப் பாரும்."

மறுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பினேன். ஒர்க்‌ஷாப்பிலேயே பக்கத்து ஸ்டாண்டில் வேலை பார்க்கும் மெக்கானிக்கைக் கொண்டு துளையை அடைத்து, வண்டியையும் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

சுடலைமுத்துவுக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னேன்.

"சரியாயிட்டுன்னு மேனேஜரு சொல்லுதாரு, நீங்க இன்ஜின் போயிரும்ங்கிய. ஏழு மணிக்கு கேட்டுல நீங்களா வந்து நிப்பிய?"

"ஒரு லீவு நாள்ல கொண்டாங்க."

"பாப்போம்."

கொண்டுவரவில்லை. இருபத்து மூன்றாம் நாள் சுடலைமுத்துவோடு வண்டி லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. ஆயில் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் பால் டீ போல வடிந்தது. கிராங்க் பேரிங் போய்விட்டது.

அன்று முதலாளி வந்திருந்தார். துளையை ஊசியால் குத்தி, எபாக்சித் துண்டை எடுத்து அவர் முன் வைத்தேன்.

"யாரு அடச்சது?"

"அண்ணாச்சி பாத்த வண்டி சார்," என்றார் மேனேஜர். "நம்மாளு தப்புன்னா ஃப்ரீயா செஞ்சு குடுத்துருவோம். கஸ்டமர்ட்டயே கேளுங்க."

அடைத்தவர் கழுவிய செயினையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். சுடலைமுத்து தரையைப் பார்த்தார். நான் எச்சரித்ததை அவர் சொன்னால், கேட்டும் ஓட்டியது அவர் பொறுப்பு. இன்ஜின் செலவு அவர் தலையில் விழும்.

"இவியதான் பாத்தாவ," என்றார், என்னைக் காட்டி. போனைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் சொன்னேன், முதலாளி அதற்குள் எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் சுடலைமுத்து என் பக்கத்தில் நின்றார். "எனக்கு வண்டி ஓடணும்லா அண்ணாச்சி. ஒங்களுக்குப் பென்சன் வரும்."

எனக்குப் பென்சன் கிடையாது.

கசிவைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். துளையை வண்டிக்காரர் கண்ணுக்குக் காட்டாமல் விடாதீர்கள். மறுப்பதானால் நான்கு பேர் கேட்க மறுங்கள். அடைக்கச் சொன்ன மேனேஜர் அங்கேயே நிற்கும்போது சாப்பிடப் போகாதீர்கள்.

செப்டம்பரில் என் கணக்கை முடித்தார்கள். இன்ஜின் வேலைக்கென்று அதில் பிடித்தது ₹23,640.