வெள்ளிக்கிழமை வட்டிலப்பம்

தொண்டைக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்து முடித்த அன்று டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். இரண்டு கிழமை, பதினாலு நாள் கழித்து வரும் கிளினிக்கில் எடை நாற்பது கிலோவுக்குக் கீழே இறங்கியிருந்தால், மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் சாப்பாடு. அன்று நான் நாற்பத்தொன்றரை. புற்றுநோய்க்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. எனக்கு வாய் இருக்கிறது, அதால்தான் சாப்பிடுவேன் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

என்னைப் பார்த்துக்கொள்ளவென்று கணவரின் அக்கா, என் மச்சாள், கொட்டாஞ்சேனையிலிருந்து பெட்டியோடு எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்து இறங்கினார். பாசமான மனுசி, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வருத்தக்காரர் என்றாலே பத்தியம். முட்டை சூடு, வாழைப்பழம் சளி, ஃபிரிட்ஜில் வைத்தது எதுவுமே ஆகாது. தொண்டைக்கு நல்லதென்று மூன்று வேளையும் மிளகு ரசம். எரிந்துபோன தொண்டையில் மிளகு! கண்ணீர் ஓட ஓடக் குடித்தேன், மரியாதைக்காக. உறைப்பும் புளிப்பும் வேண்டாம், குளிர்ந்ததும் மெத்தென்றதும் சாப்பிடுங்கள், பாலும் முட்டையும் நிறைய எடுங்கள் என்று மருத்துவமனையில் எழுதித் தந்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் சும்மா ஒட்டிக்கொண்டு இருந்தது.

ஒரு கிழமை கழிந்து வெள்ளிக்கிழமை காலையில் தராசில் ஏறினேன். சரியாக நாற்பது. மரியாதைக்கு ஒன்றரைக் கிலோ கொடுத்திருக்கிறேன். கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மச்சாளில் அல்ல, என்னில்.

கீழ்மாடி முஸ்லிம் வீட்டில் கொடுத்தனுப்பிய வட்டிலப்பம் ஃபிரிட்ஜில் இருந்தது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்து குளிர்ந்து வழுவழுவென்று கிடந்தது. தொண்டையை மரக்கப்பண்ணும் மருந்தால் கொப்பளித்துவிட்டு, கோப்பையோடு மேசையில் போய் இருந்தேன்.

"என்னடி செய்யிறாய்? இண்டைக்கு வெள்ளியெல்லே! அதுக்குள்ள முட்டை கிடக்கு. என்ர தம்பி வீட்டில வெள்ளிக்கிழமை முட்டை புழங்கினதே இல்லை."

எனக்கு அப்போது குரல் எழும்பாது. கொப்பியில் எழுதிக் காட்டினேன்: "கடவுளோட நான் கதைக்கிறன். ரசத்தை நீங்களே குடியுங்கோ மச்சாள்."

அவருடைய முகம் சுருங்கிப்போனது. நான் நிறுத்தவில்லை. ஒரு தேக்கரண்டி, ஒரு விழுங்கல், ஒரு பெருமூச்சு. இனிப்பு துளியும் தெரியவில்லை, ஈரச் சுண்ணாம்பைத் தின்பதுபோல் இருந்தது. ருசிக்கு யார் சாப்பிட்டது? வீம்புக்குச் சாப்பிட்டேன். நாற்பது நிமிடத்தில் கோப்பை காலி. அன்றிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் கஸ்டர்ட், பாலில் மசித்த வாழைப்பழம், மிளகாய் போடாத தேங்காய்ப்பால் சொதியில் ஊறிக் கரைந்த இடியப்பம். மச்சாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் பெட்டியையும் தூக்கவில்லை.

வியாழக்கிழமை கிளினிக்குக்கு அவர்தான் கூட வந்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் மூக்கில் குழாயோடு ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இளையவள். மச்சாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தராசில் ஏற்றினார்கள். நாற்பதரை. குழாய் தேவையில்லை, இப்படியே சாப்பிடுங்கள் என்றார் டாக்டர்.

திரும்பும் ஓட்டோ பம்பலப்பிட்டி தாண்டியது. மச்சாள் வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாளைக்கு வெள்ளி. வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை போட வேணும்?"

நான் கொப்பியை எடுக்கவில்லை. கரகரவென்று வந்த குரலில், வாயாலேயே சொன்னேன்.

"ஆறு."