பாய்லர் இல்லாத கப்பல்

என் வீட்டுக்காரர் கடற்படையில் பாய்லர் அறைக்காரர். போர்க்கப்பலின் அடிவயிற்றில் நின்று தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி எழுப்புவது வேலை. நாமக்கல் பக்கம் சோளக்காட்டுக்கும் கடலைக்காட்டுக்கும் நடுவே வாழ்ந்த எங்களுக்கு அது என்ன வேலை என்று முழுசாக விளங்கவே இல்லை. எனக்கு விளங்கியது ஒன்றுதான். ஒவ்வொரு லீவுக்கும் முழங்கையில் புதிதாக ஒரு சூட்டுத் தழும்போடு வந்து நிற்பார். கேட்டால், "அடுப்படியில உனக்குச் சுடறதில்லையா அம்மணி?" என்பார். சிரிப்பு வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரையில் லீவில் வந்திருந்தார். அவருடைய சேவைக்காலம் முடிய இருந்தது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் பல வருடம் கடல். போடாவிட்டால் ஊரோடு வந்து, அவருடைய அண்ணனோடு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டித் தொழிலில் சேர்ந்துகொள்ளலாம். லீவு முடிவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். அவர் வந்துவிட வேண்டும் என்று என் மாமியார் ஊரிலுள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் மனுஷர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வராது.

அந்த லீவு முழுக்க ஜப்பான் கப்பல் பேச்சுதான். பம்பாய்த் துறைமுகத்துக்கு ஜப்பான்காரர்களின் போர்க்கப்பல் ஒன்று, நாசகாரி என்கிற வகை, வந்திருந்ததாம். இவரைப் போன்ற நம் படை ஆட்களை உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார்களாம். நாசகாரி! பேரைப் பாருங்கள்!

"பாய்லரே இல்லீங்கம்மா" என்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து அவர் அம்மாவிடம் ஆரம்பிப்பார். "ஏரோப்பிளேன் எஞ்சின் மாதிரி நாலு. மெதுவாப் போக ரெண்டு, வேகத்துக்கு ரெண்டு. நாங்க ஆவி ஏத்தறதுக்கு ராப்பகலா நிக்கறோம். அவன் ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கெளம்பிடறான். எஞ்சின் ரூம்பு ஆளுங்க ஏசியில உக்காந்து மீட்டர் முள்ளைப் பார்த்துக்கிட்டு இருக்கறாங்க. பின்னால ஹெலிகாப்டர் நிறுத்த ஒரு கொட்டாயே இருக்குது!"

"அத்தனையும் ஏத்துனா கப்பல் சாஞ்சுபோகாதா சாமி?" என்றார் அத்தை.

"தளத்துக்கு மேல இருக்கற மேல்கட்டு பூராவும் அலுமினியம். லாரியில தலைப்பாரம் கூடுனா வளைவுல கவுந்துருமில்ல? அதுக்குத்தான் கனத்தைக் குறைச்சிருக்கறான்."

அத்தை கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அலுமினியமா? தண்ணி வத்துன குண்டா அடுப்பு மேலயே ஓட்டையாப் போனதை நான் பார்த்திருக்கறேன்டா."

இந்த மனுஷருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "உருகுந்தாம்மா. எங்கியோ ஒரு சண்டையில குண்டு பட்டுக் கப்பலே எரிஞ்சுபோச்சு. அதனாலதான் ஜப்பான்காரன் பொறவு கட்டற கப்பல்ல மேல்கட்டையும் இரும்பாக்கிட்டானாம். கனம் கூடுனாலும் பரவால்லைன்னு."

"நீங்க போற கப்பல் எதுங்க? அலுமினியமா, இரும்பா?" என்று கேட்டேன்.

தண்ணீரை எடுத்துக் குடித்தார். "புதுக் கப்பல் வந்தாத்தான் தெரியும்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நம் படைக்கும் அந்த மாதிரி எஞ்சின் போட்ட கப்பல்கள் வருகின்றன. மறுபடி கையெழுத்துப் போடுகிற பாய்லர்காரர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள். இவர் பெயரும் இருக்கிறது. அன்றிலிருந்து ரேடியோச் செய்தியில் கப்பல் என்ற சொல் வந்தாலே கை வேலை ஓடாது. தந்திக்காரர் சைக்கிள் எங்கள் வண்டித்தடத்தில் திரும்பினால், இவர் கண்ணெதிரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே, வாசலுக்கு ஓடுவேன். பைத்தியம்தான், வேறென்ன?

கடைசியில் அத்தை, "சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் நிலம் வாங்க, பெண் கொடுக்க, எதற்கும் பூக் கேட்பது உண்டு. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டிச் சாமி காலடியில் போட்டு உருட்டுவார்கள். கேட்க வேண்டியதை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக்கூடாது. பூசை செய்கிற பண்டாரம் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு என்றால் வேண்டாம்.

மூவரும் கோயிலுக்குப் போனோம். கண்ணை மூடினேன். 'இவர் இங்கேயே இருக்கட்டும்' என்று நினைக்கத்தான் போனேன். ஆனால் கண்ணுக்குள் வந்தது எரிகிற கப்பல்தான். பயத்தில் மனம் வேறொன்றைக் கேட்டுவிட்டது. பண்டாரம் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை.

அத்தைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சாமியே சொல்லிப்போட்டுது. என்ற பையன் இனி ஊட்டோடதான்."

இவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க? போலாமான்னுதான் நான் கேட்டேன். வெள்ளை வந்திருக்குது."

"இருக்கட்டுமான்னு கேட்டவ நானு! எனக்கும் வெள்ளைதான்."

பண்டாரம் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க, ஒருத்தர் கேக்கற பூவை ஆளுக்கொண்ணா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்டறது? ஒரு காரியத்துக்கு மறுக்காவும் கேக்கக்கூடாதுங்களே."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீ என்ன அம்மணி நெனச்ச?" என்றார் அத்தை. அந்தக் குரலில் இருந்த ஆசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது. ஆனால் சாமி முன்னால் நின்றுகொண்டு மாற்றிச் சொல்ல முடியுமா?

"உசுரோட திரும்பி வருவாரான்னு கேட்டனுங்க அத்தை."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறமென்ன!" என்றார். அத்தைக்கு என் மேல் கோபம்கூட இல்லை. "போனாத்தானே அம்மணி திரும்பி வர்றது?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் காலைக் கட்டிக்கொண்டாவது போகாதீங்க என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்தேன். சொன்னால் சாமி கொடுத்த வாக்கை நான் நம்பவில்லை என்று ஆகிவிடுமே! நம்பாதவளுக்குக் கொடுத்த வாக்கைச் சாமி திரும்ப எடுத்துக்கொண்டால்? சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார், போனார். அவர் ஓய்வு பெற்று வந்து சேரும்வரை, பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை, அவரிடமோ அத்தையிடமோ, நான் வாய் திறக்கவே இல்லை.